அளவும் அலையும்: வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதக் கடிதங்கள் எல்லாம் பேசிவைத்துக்கொண்டது போல ஒரே கருவியைப் பற்றி வந்திருக்கின்றன. மற்றவற்றை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு நெட்வொர்க் அனலைசரையே எடுத்துக்கொள்கிறேன். ஃபில்டர், ஆன்டெனா, கேபிள் என்று எதை மாட்டினாலும் அதற்குள் ஓர் அலையை அனுப்பி, எவ்வளவு திரும்பி வந்தது, எவ்வளவு மறுபக்கம் போய்ச் சேர்ந்தது என்பதை அதிர்வெண் வாரியாக அளந்து காட்டும் கருவி அது. திரும்பி வந்ததை எஸ்11 என்றும் கடந்து போனதை எஸ்21 என்றும் சொல்வோம். இது தெரிந்தால் மேலே படிக்கலாம்.

*

கே: பொறியியல் இறுதியாண்டு படிக்கிறேன், மேடம். 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டைக்குப் பேட்ச் ஆன்டெனா செய்திருக்கிறேன். கல்லூரி ஆய்வகத்து அனலைசரில் நான்கு கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன. ஒரு கோட்டின் அதிர்வெண் எல்லையை மாற்றினால் நான்கும் மாறிவிடுகின்றன. ஆய்வக உதவியாளரைக் கேட்டால் "பிரீசெட் அழுத்தும்மா" என்கிறார்.
– மாணவி, குரோம்பேட்டை

ப: பிரீசெட் எல்லா அமைப்பையும் ஆரம்ப நிலைக்குத் தள்ளும் பொத்தான். அதைத் தொடாதீர்கள். கோடுகளோடு சேர்ந்து, பாடுபட்டுப் போட்ட காலிப்ரேஷனும் (தெரிந்த முனைகளை மாட்டிக் கருவி, கேபிளின் பிழைகளைக் கழிக்கும் திருத்தம்) செயலிழந்துவிடும். அது இல்லாத அளவை உங்கள் ஆய்வேட்டில் நான் பார்க்க விரும்பவில்லை.

குழப்பம் சேனலுக்கும் டிரேஸுக்கும் நடுவில் இருக்கிறது. சேனல் என்பது அளக்கும் விதம்: எந்த அதிர்வெண்ணிலிருந்து எதுவரை, எத்தனை புள்ளிகள், எவ்வளவு சக்தி, எந்தக் காலிப்ரேஷன். டிரேஸ் என்பது அப்படி அளந்ததில் எதை, எந்த வடிவில் பார்க்கிறோம் என்பது. எஸ்11-ஆ எஸ்21-ஆ, டெசிபலா ஃபேஸா (அலையின் கோணமா), ஒரு கட்டத்துக்கு எத்தனை டெசிபல் என்பதெல்லாம் டிரேஸின் பாடு. சோறு ஒரே பானையில் வெந்தது, இலைகள்தான் நான்கு. ஓர் இலைக்கு மட்டும் அரிசியை மாற்ற முடியாது. அதனால்தான் உங்கள் நான்கு கோடுகளும் சேர்ந்தே நகர்ந்தன. விண்டோ என்பது கோட்டை வைக்கும் இடம் மட்டுமே. அதற்கு வேறு மகிமை கிடையாது.

உங்கள் ஆன்டெனாவுக்கு இருப்பது ஒரே வாய். எஸ்21, மறுவாயிலிருந்து அளக்கும் எஸ்12, எஸ்22 என்று திரையில் ஓடுகிற மூன்றும் உங்களுக்கு வேண்டாத இரைச்சல். மூன்றையும் நீக்குங்கள். எஞ்சியதற்கு எஸ்11, ஃபார்மட்டில் லாக் மேக் (அதாவது டெசிபல்). பிறகு ஸ்கேல்: கட்டத்துக்கு 5 டெசிபல், ரெஃபரன்ஸ் அளவு 0, ரெஃபரன்ஸ் இடம் திரையின் உச்சி. பல கருவிகளில் ரெஃபரன்ஸ் கோடு நடுவில்தான் வந்து நிற்கும். அப்படியே விட்டால் திரையின் மேல்பாதி வீண். மின்சக்தி ஊட்டாத ஆன்டெனா, தான் வாங்கியதைவிட அதிகமாகத் திருப்பித் தராது. ஆகவே 0-க்கு மேலே பார்க்க எதுவும் இல்லை. கோடு 0-ஐத் தாண்டி மேலே போனால் காலிப்ரேஷனைச் சந்தேகப்படுங்கள்.

மெஷர், ஃபார்மட், ஸ்கேல் என்ற இந்த வரிசை எனக்குக் கிண்டி தொழிற்பேட்டை ஆய்வகத்தில் ஹெச்.பி. 8753 அனலைசரின் முன்பலகையில் விரல் பழகியது. 1986-இல் வந்த கருவி வரிசை அது. இன்று தொடுதிரை வந்த பிறகும் அந்த வரிசையில் போகிறவர்களுக்குச் சிக்கல் வருவதில்லை. மார்க்கரை (கோட்டின் மேல் நின்று அந்த இடத்து எண்ணைக் காட்டும் குறியை) முதலில் வைத்துவிட்டு ஃபார்மட்டைத் தேடுகிறவர்கள்தான் என்னிடம் தொலைபேசியில் அழுகிறார்கள்.

மார்க்கர் என்றதும் ஒரு குறை. ஆய்வேடுகளில் பள்ளத்தின் அடியாழத்தில் ஒரு மார்க்கரைக் குத்தி "மைனஸ் 38 டெசிபல் கிடைத்தது" என்று மார்தட்டுவது வழக்கமாகிவிட்டது. அந்த ஆழம் யாருக்கும் பயன்படாது. உங்கள் பட்டை 2400 முதல் 2483.5 மெகாஹெர்ட்ஸ் வரை. அந்த இரு கரைகளிலும் கரைக்கு ஒரு மார்க்கரும் நடுவில் ஒன்றும் வையுங்கள். கரைகளில் மைனஸ் 10-க்குக் கீழே இருக்கிறதா என்று பாருங்கள். தேர்வாளர் கேட்க வேண்டியதும் அதுதான்.

2 முதல் 3 கிகாஹெர்ட்ஸ் வரை 201 புள்ளிகள் வைத்தால் புள்ளிக்குப் புள்ளி 5 மெகாஹெர்ட்ஸ். 2483.5 அப்போது இரண்டு புள்ளிகளுக்கு இடையே விழும்; கருவி பக்கத்துப் புள்ளிகளை வைத்து ஊகித்துத்தான் எண் தரும். 2350 முதல் 2550 வரை, 401 புள்ளிகளோடு இரண்டாவது சேனல் ஒன்றைத் திறந்தால் இடைவெளி அரை மெகாஹெர்ட்ஸ் ஆகிவிடும். கரை நேராகப் புள்ளியில் அமரும். புதிய சேனலுக்குத் தனிக் காலிப்ரேஷன் வேண்டும், மறந்துவிடாதீர்கள்.

*

கே: ரிச்சி தெருவில் வாக்கி டாக்கி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். கையடக்க நெட்வொர்க் அனலைசரான நானோ வி.என்.ஏ. ஒன்று வாங்கினேன். வாடிக்கையாளர் எஸ்.டபிள்யூ.ஆர். எவ்வளவு என்று கேட்கிறார், திரை மைனஸ் 14 என்கிறது. நல்லதா, கெட்டதா?
– கடைக்காரர், சென்னை 2

ப: நல்லது. எஸ்.டபிள்யூ.ஆர். என்பது பொருத்தத்தைச் சொல்லும் இன்னொரு எண்; 1 என்றால் எதுவும் திரும்பவில்லை. மைனஸ் 14 டெசிபல் என்றால் எஸ்.டபிள்யூ.ஆர். ஏறக்குறைய 1.5, அனுப்பிய சக்தியில் நான்கு சதவீதம் திரும்பி வருகிறது. மைனஸ் 9.5 என்பது 2. மைனஸ் 20 என்பது 1.22, அங்கே திரும்புவது ஒரே சதவீதம். மனக்கணக்கு வேண்டாம் என்றால் டிஸ்ப்ளே மெனுவில் ஃபார்மட்டை எஸ்.டபிள்யூ.ஆர். என்று மாற்றுங்கள், ஸ்கேல் கட்டத்துக்கு 0.5, அடிக்கோடு 1. ஒன்றுக்குக் கீழே எஸ்.டபிள்யூ.ஆர். கிடையாது. முதல் டிரேஸை டெசிபலிலும் இரண்டாவதை எஸ்.டபிள்யூ.ஆரிலும் வைத்துக்கொண்டால் வாடிக்கையாளருக்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று. மீதி இரண்டையும் அணைத்துவிடுங்கள். அந்தச் சின்னத் திரையில் நான்கு நிறக் கோடுகள் ஓடுவதைப் பார்த்துவிட்டு யாரும் கூடுதலாகப் பணம் தரப்போவதில்லை.

உங்களை ஏமாற்றக்கூடிய ஒன்று உண்டு: நீளக் கேபிள். அலை போகும்போதும் கேபிள் தின்னும், வரும்போதும் தின்னும். ஒரு வழிக்கு 3 டெசிபல் இழக்கும் கேபிளின் மறுமுனையில் எதுவுமே மாட்டாமல் விட்டாலும் திரையில் மைனஸ் 6, அதாவது எஸ்.டபிள்யூ.ஆர். 3 காட்டும். ஒரு வழி இழப்பு 5 டெசிபல் என்றால் ஆன்டெனாவே இல்லாமல் 1.9! "இரண்டுக்குள் இருக்கிறது, நன்றாகத்தான் வேலை செய்கிறது" என்று பழைய கேபிளுக்குச் சான்றிதழ் கொடுக்கும் கடைகள் இப்படித்தான் பிழைக்கின்றன. கேபிளின் மறுமுனையைத் திறந்துவிட்டு ஒருமுறை பாருங்கள். கோடு 0-க்கு அருகில் இல்லையென்றால், அது எவ்வளவு கீழே இருக்கிறதோ அதில் பாதிதான் ஒரு வழி இழப்பு.

*

கே: டி.டி.ஹெச். இணைப்புகளுக்கான 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸ் ஃபில்டர் செய்து கொடுக்கிறோம். பாஸ்பேண்டில் (ஃபில்டர் கடக்கவிடும் பட்டையில்) ஏற்ற இறக்கம் 0.5 டெசிபலுக்குள் இருக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். எங்கள் திரையில் கோடு தட்டையாக இருக்கிறது. வாடிக்கையாளர் 0.8 டெசிபல் ஏறி இறங்குகிறது என்று ஒரு பெட்டி முழுக்கத் திருப்பி அனுப்பிவிட்டார். எங்கள் சோதனைப் பிரிவில் ஸ்மூத்திங் 5 சதவீதம் போட்டிருக்கிறார்கள். காலிப்ரேஷனுக்குப் பதிலாக த்ரூவை (ஃபில்டர் இல்லாமல் கேபிள்களை நேராக இணைத்து அளந்ததை) மெமரியில் போட்டு வகுத்துக்கொள்கிறார்கள். யார் சொல்வது சரி?
– சிறுதொழில் நடத்துபவர், அம்பத்தூர்

ப: உங்கள் கோட்டை நம்பமாட்டேன். வாடிக்கையாளருடையதை நம்பலாமா என்பது, அவர் எப்படி அளந்தார் என்று தெரிந்த பிறகுதான்.

ஸ்மூத்திங் என்பது பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளைக் கூட்டி வகுத்துக் கோட்டை வரைவது. 800 முதல் 2300 வரை 1500 மெகாஹெர்ட்ஸ் அகலத்தை நீங்கள் அளப்பதாக வைத்துக்கொண்டால், 5 சதவீதம் என்பது 75 மெகாஹெர்ட்ஸ். 100 மெகாஹெர்ட்ஸுக்கு ஒரு முறை ஏறி இறங்கும் அலையின் மேல் 75 மெகாஹெர்ட்ஸ் சராசரியை இழுத்தால் 0.8 டெசிபல் கால் டெசிபலுக்குள் அடங்கிவிடும். ஃபில்டர் அப்படியேதான் இருக்கிறது, திரை மட்டும் ஒப்பந்தத்துக்குப் பொருந்திவிடுகிறது. மார்க்கரும் இந்தச் சவரம் செய்த கோட்டைத்தான் படிக்கும் என்பதால், அறிக்கையில் ஏறிய எண்ணும் அதே கதைதான். இன்றே அணைத்துவிடுங்கள். அதைப் போட்டவரைத் திட்ட வேண்டாம். "கோடு அழகாக வரவேண்டும்" என்று மேலிருந்து யாரோ சொல்லியிருப்பார்கள்.

இரைச்சல்தான் தொல்லை என்றால் அதற்கு வேறு வழி இருக்கிறது. ஐ.எஃப். பேண்ட்விட்த்தை, அதாவது ஒவ்வொரு புள்ளியிலும் கருவி காதுகொடுக்கும் அகலத்தை, பத்தில் ஒரு பங்காகக் குறைத்தால் இரைச்சல் தரை 10 டெசிபல் இறங்கும்; ஸ்வீப் (அதிர்வெண் எல்லையை ஒருமுறை ஓடி முடிப்பது) அதற்கேற்ப மெதுவாகும். ஆவரேஜிங் 16 (பதினாறு ஸ்வீப்களின் சராசரி) என்று வைத்தால் 12 டெசிபல் இறங்கும். இரண்டும் இரைச்சலைத்தான் குறைக்கும். ஃபில்டரின் உண்மையான ஏற்ற இறக்கத்தைத் தொடாது. ஸ்கேல், ரெஃபரன்ஸ், ஃபார்மட் ஆகியவை அளவை மாற்றவே மாற்றாது, பார்வையை மட்டும் மாற்றும். எது எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது என்று ஒரு தாளில் எழுதிச் சோதனை மேசைக்கு மேலே ஒட்டுங்கள்.

அடுத்தது மெமரி. த்ரூவை மெமரியில் போட்டு, டேட்டாவை மெமரியால் வகுத்தால் கேபிளின் இழப்பு கழிந்துவிடும். டெசிபலில் அது கழித்தல்தான். ஆனால் கேபிள் முனைக்கும் கருவியின் வாய்க்கும் இடையே அலை எகிறி எகிறிக் குதிப்பது கழியாது. நுரை பாலித்தீன் இல்லாத சாதாரண ஒரு மீட்டர் கோஆக்ஸில் அலை ஒளியின் வேகத்தில் சுமார் 66 சதவீத வேகத்தில் போகும். அதன் இரு முனைகளிலும் பொருத்தம் சரியில்லையென்றால் ஏறக்குறைய 99 மெகாஹெர்ட்ஸுக்கு ஒரு முறை கோடு ஏறி இறங்கும். உங்கள் 1200 மெகாஹெர்ட்ஸ் பட்டைக்குள் அது ஒரு டஜன் மேடு பள்ளம். வாடிக்கையாளர் காட்டும் 0.8-இல் மேடுகளை எண்ணிப் பாருங்கள். பன்னிரண்டை ஒட்டி வந்தால், கேபிளை மாற்றி இரண்டு மீட்டராக்கி அளக்கச் சொல்லுங்கள். மேடுகள் இரண்டு மடங்காக நெருங்கினால் குற்றவாளி கேபிள். இடம் மாறாமல் நின்றால் குற்றவாளி உங்கள் ஃபில்டர். அதற்கு முன் இரு தரப்பும் ஷார்ட், ஓபன், லோட் என்ற மூன்று முனைகளையும் த்ரூவையும் வைத்து முழு இரட்டை வாய்க் காலிப்ரேஷன் செய்துகொள்ளுங்கள். பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும்.

திரையை இப்படி வையுங்கள். ஒரே எஸ்21-க்கு இரண்டு டிரேஸ். முதலாவது கட்டத்துக்கு 10 டெசிபல், ரெஃபரன்ஸ் 0 உச்சியில்: பட்டைக்கு வெளியே எவ்வளவு அடக்குகிறது என்று பார்க்க. இரண்டாவது கட்டத்துக்கு 0.2 டெசிபல், ரெஃபரன்ஸ் அளவு உங்கள் ஃபில்டரின் வழக்கமான இழப்பு, இடம் நடுவில்: ஏற்ற இறக்கம் பார்க்க. முதல் கோட்டில் 0.8 டெசிபல் என்பது ஒரு கட்டத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதில் எதுவும் தட்டையாகத்தான் தெரியும். இரண்டாவதில் அது நான்கு கட்டம். ஒரே சேனல் என்பதால் ஸ்வீப் நேரமும் அதிகரிக்காது. இரண்டாவது கோட்டுக்கு மட்டும் மேல், கீழ் லிமிட் கோடுகள் போட்டுவிட்டால் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து சோதிக்கும் மேசையில் யாரும் எண்ணைப் படிக்கவே வேண்டியதில்லை. தேறியதா இல்லையா என்று கருவியே சொல்லும்.

ஒப்பந்தத்தில் ஒரு வரியையும் சேர்க்கச் சொல்வேன்: "ஸ்மூத்திங் இல்லாமல்".

*

கே: ஆட்டோ ஸ்கேல் பொத்தான் இருக்கும்போது இவ்வளவு எதற்கு?
– வாசகர், ஆவடி

ப: கோடு திரையில் காணாமல் போய்விட்டால் கண்டுபிடிக்க அது உதவும். அதற்குப் பிறகு கையை எடுத்துவிடுங்கள். நேற்று கட்டத்துக்கு 0.37, இன்று 1.2 என்று அது தன் விருப்பப்படி மாற்றிக்கொண்டே இருந்தால் இரண்டு படங்களைப் பக்கத்தில் வைத்து எதை ஒப்பிடுவீர்கள்?

*

கே: அமெச்சூர் வானொலி இயக்குபவன். 145 மெகாஹெர்ட்ஸில் இரண்டு ஆன்டெனாக்களை அடுக்குவதற்கு ஒரே நீளத்தில் இரண்டு கேபிள்கள் வேண்டும். ஃபேஸ் பார்க்கலாம் என்றால் கோடு ரம்பப் பல் மாதிரி மேலும் கீழும் வெட்டுகிறது. கருவி பழுதா?
– வாசகர், வில்லிவாக்கம்

ப: பழுது இல்லை. ஃபேஸ் கோட்டுக்கு மேலே பிளஸ் 180, கீழே மைனஸ் 180 டிகிரிதான் எல்லை. அதைத் தாண்டினால் மறுகோடியிலிருந்து தொடங்கும். மேலே சொன்ன அதே ஒரு மீட்டர் கேபிளில் அலை 5 நானோ வினாடி தாமதமாகிறது. எஸ்21-இல் 198 மெகாஹெர்ட்ஸுக்கு ஒரு பல் விழும். அம்பத்தூர்க்காரரின் 99-க்கு இது இரண்டு மடங்காக இருப்பதைக் கவனித்திருப்பீர்கள்: அங்கே அலை போய்த் திரும்பியது, இங்கே போனது மட்டும்.

உங்களுக்கு வேண்டியது இந்தியாவில் நமக்குத் தரப்பட்டிருக்கும் 144 முதல் 146 வரைதான். 50 முதல் 900 வரை திறந்துவைத்துவிட்டுப் பல்லை எண்ணுவானேன்? அந்த 2 மெகாஹெர்ட்ஸுக்குள் மட்டும் ஸ்வீப்பைச் சுருக்கி, அங்கேயே காலிப்ரேஷன் போடுங்கள். மீட்டருக்கு 3.6 டிகிரிச் சரிவுதான் இருக்கும். முதல் கேபிளை மாட்டி, எலக்ட்ரிகல் டிலேயை (கருவி கணக்கில் கழித்துக்கொள்ளும் தாமதத்தை) கூட்டிக்கொண்டே போய்க் கோட்டைப் படுக்க வையுங்கள். 145-இல் ஒரு மார்க்கர். டிலேயைத் தொடாமல் இரண்டாவதை மாட்டுங்கள். மார்க்கர் எண் எவ்வளவு நகர்கிறதோ அதுதான் வித்தியாசம். ஒரு சென்டிமீட்டருக்கு 2.6 டிகிரி. மூன்று டிகிரிக்குள் கொண்டுவந்துவிட்டால் கத்தரியைக் கீழே வையுங்கள். அடுக்கிய ஆன்டெனா அதற்குமேல் எதையும் கவனிக்காது; கனெக்டர் போடும்போதே மில்லிமீட்டர் கணக்கில் மாறத்தான் போகிறது.

*

கே: ஸ்மித் சார்ட்டை இன்னும் யாராவது பார்க்கிறார்களா?
– விரிவுரையாளர், தாம்பரம்

ப: நான் பார்க்கிறேன். ஆன்டெனாவின் மின்மறுப்பை ஒரு புள்ளியாகக் காட்டும், ஃபிலிப் ஸ்மித் 1939-இல் வெளியிட்ட வட்டம் அது. டெசிபல் கோடு "பொருந்தவில்லை" என்று மட்டும் சொல்லும். எந்தப் பக்கம் திருத்த வேண்டும் என்பதை அந்த வட்டம் சொல்லும். உங்கள் அதிர்வெண்ணில் புள்ளி கீழ்ப்பாதியில் விழுந்தால் மின்தேக்கிப் பக்கம். சாதாரணக் கம்பி ஆன்டெனாவாக இருந்தால் நீளம் போதவில்லை. மேல்பாதி என்றால் மின்தூண்டல் பக்கம், கொஞ்சம் நறுக்கலாம். ஆனால் காலிப்ரேஷன் ஆன்டெனாவின் அடியில் போடப்பட்டிருக்க வேண்டும். இடையில் கேபிள் இருந்தால் புள்ளி சுற்றிக்கொண்டு போய்விடும். மேலும் கீழும் அர்த்தம் இழந்துவிடும். மாணவர்களுக்குத் திரையை இரண்டாகப் பிரித்து ஒன்றில் டெசிபல், மற்றதில் ஸ்மித் வைத்து, இரண்டிலும் ஒரே மார்க்கர் ஒன்றாக நகர்வதைக் காட்டுங்கள். ஒரு மணி நேர வகுப்பு மிச்சமாகும்.

*

கே: ஆய்வேட்டில் ஒட்டிய படத்தில் மஞ்சள் கோடு வெள்ளைத் தாளில் தெரியவே இல்லை.
– மாணவர், கிண்டி

ப: அச்சுக்கு வெள்ளைப் பின்னணி வைக்கும் வசதி பெரிய கருவிகளில் உண்டு, கோட்டின் நிறத்தையும் மாற்றலாம். அதைவிட நல்லது, படத்தோடு எஸ்1பி (.s1p) அல்லது எஸ்2பி (.s2p) கோப்பையும் சேமித்துக்கொள்வது. அதில் எண்கள் இருக்கும். எந்த நிறத்திலும் எந்த ஸ்கேலிலும் பிறகு வரைந்துகொள்ளலாம். கைபேசியில் திரையைப் படமெடுத்து, அதில் டியூப் லைட்டும் உங்கள் நெற்றியும் தெரிய ஒட்டுவதை மட்டும் நிறுத்துங்கள்.

*

கே: ஓய்வு பெற்றவன். திருவான்மியூரில் மொட்டை மாடியில் ஆன்டெனா வைத்திருக்கிறேன். கீழே அறையில் காலிப்ரேஷன் போட்டுவிட்டு நானோ வி.என்.ஏ.வை மேலே எடுத்துப் போய், ஸ்பானை (அளக்கும் அதிர்வெண் அகலத்தை) கொஞ்சம் குறைத்தால், திரையின் இடது ஓரத்தில் பெரிய 'சி' எழுத்து சின்ன 'சி' ஆகிவிடுகிறது. பொருட்படுத்தலாமா?
– வாசகர், திருவான்மியூர்

ப: அதைக் கவனித்ததற்கே உங்களைப் பாராட்ட வேண்டும், சார். அதிர்வெண் எல்லையை மாற்றியதும், பழைய காலிப்ரேஷன் புள்ளிகளுக்கு இடையே ஊகித்துத் திருத்திக்கொண்டிருக்கிறேன் என்று கருவி சொல்கிறது. கொஞ்சம் குறைத்ததற்குப் பெரிய பாதகம் வராது. 900 மெகாஹெர்ட்ஸ் வரை போட்ட காலிப்ரேஷனின் 101 புள்ளிகளை வைத்துக்கொண்டு 2 மெகாஹெர்ட்ஸ் அகலத்தை மட்டும் பார்த்தால் பாதகம் வரும். மேலேயே, அளக்கப்போகும் ஸ்பானிலேயே போட்டுவிடுங்கள். மூன்று முனைகளை மாட்டிக் கழற்றும் வேலைதானே. பகல் பன்னிரண்டு மணிக்கு அந்தத் திரை வெயிலில் தெரியாது, கருவியும் சூடேறி அளவு நகரும். காலை ஏழு மணிக்குள் போங்கள். உங்கள் பக்கம் கடற்காற்று என்பதால், மாட்டுவதற்கு முன் கனெக்டரின் நடு ஊசியில் பச்சை படிந்திருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.